வாயிலிலே பறை, மேடையிலே பரதம்!

பள்ளியிலே ஆண்டு விழா! மாவிலைத் தோரணம் ஆடுகிறது, ஒலிபெருக்கி முழங்குகிறது, சிறப்பு விருந்தினர் வரும் வழியெங்கும் கோலம். ஆசிரியப் பணிக்கு வந்து மூன்றாண்டுகூட நிறையாத நமக்கு விழாக் குழுவிலே கடைசி நாற்காலி. அந்த நாற்காலியில் அமர்ந்துதான் நிகழ்ச்சி நிரல் உருவான விதத்தைக் கண்டோம்.

ஒன்பதாம் வகுப்பிலே ஒரு மாணவன். தந்தை பறையடிக்கும் தொழிலர். மகனும் மூன்று நண்பர்களும் மாலை வேளைகளில் ஏரிக்கரையிலே பழகிப் பழகி, அடியும் ஆட்டமும் ஒன்றாக இழையும் நிலைக்கு வந்திருந்தார்கள். பெயர் கொடுத்தார்கள். குழுவின் மூத்தவர் பட்டியலைப் பார்த்தார், முகம் சுளிக்கவில்லை, வெறுப்பாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. மிக இனிமையாகவே சொன்னார்: “பறை இருக்கட்டும், நல்லதுதான். வாயிலிலே நின்று விருந்தினரை அழைத்து வரட்டும். மேடைக்கு உயர்ந்த நிகழ்ச்சியாக ஏதாவது வையுங்கள்.”

உயர்ந்த நிகழ்ச்சி வைக்கப்பட்டது. பரதம், எட்டு நிமிடம். ஆடிய சிறுமி நன்றாகவே ஆடினாள். அவள்மீது நமக்கு எள்ளளவும் குறையில்லை. அவள் ஆடியபோது அந்த நான்கு சிறுவர்களும் பந்தலின் பின்வரிசையிலே, சூடேற்றிய பறைகளை மடியில் கிடத்திக்கொண்டு அமர்ந்திருந்தார்கள். விருந்தினரை அழைத்து வந்ததோடு அவர்கள் வேலை முடிந்துவிட்டதே!

மறுநாள் வகுப்பு கலைந்த பிறகு அந்தப் பையன் வந்து நின்றான். “மேடையில ஏறுற அளவுக்கு எங்க ஆட்டம் உசந்தது இல்லீங்களா சார்?” என்று கேட்டான். கோபமில்லை அந்தக் குரலில். விடை தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆவல்தான் இருந்தது. தேர்விலே மதிப்பெண் ஏன் குறைந்தது என்று கேட்பானே, அதே குரல்!

நாம் என்ன விடை சொன்னோம்? ஒன்றும் சொல்லவில்லை. குழுக் கூட்டத்திலும் நாம் வாய் திறக்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று சொல்லாததை இன்று எழுதுகிறோம்.

உயர்ந்தது, தாழ்ந்தது என்று கலையை அளக்கிறார்களே, எந்தப் படியால் அளக்கிறார்கள்? எந்த முழக்கோல் பிடிக்கிறார்கள்? ‘உயர் பண்பாடு’ என்கிறார்கள், ‘சாஸ்திரியம்’ என்கிறார்கள், ‘செவ்வியல்’ என்கிறார்கள். சொல் மாறுகிறது, வாயிற்காவல் மாறக் காணோம். மத்திய அரசின் சங்கீத நாடக அகாதமி எட்டு ஆடல்களைச் செவ்வியல் என்று ஏற்றிருக்கிறது. தமிழ்நாட்டுக்குரியது அதிலே பரதம் ஒன்றே. இரவு பத்துக்குத் தொடங்கிக் கிழக்கு வெளுக்கும் வரை, அடவும் தாளமும் பாட்டும் வசனமும் பிசகாமல், தோளிலே புஜகீர்த்தியும் தலையிலே கிரீடமும் சுமந்து ஆடுகிறானே தெருக்கூத்தன், அவன் ஆடலின் பெயர் ‘நாட்டார் கலை’! அதிலே இலக்கணம் இல்லையா? பயிற்சி இல்லையா? வாத்தியார் இல்லையா? இருக்கின்றன. இருந்தும் அது கீழே. ஏன்? தெருவிலே ஆடப்படுவதாலா, தெருவிலே இருப்பவர்கள் ஆடுவதாலா?

பழமைதான் உயர்வுக்கு அளவு என்பாரும் உளர். நல்லது, பழமையையே கேட்போம். தொல்காப்பியத்தை எடுங்கள். அகத்திணைக்குரிய கருப்பொருள்களை எண்ணும் நூற்பாவைப் பாருங்கள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் என்று அடுக்கிவரும் அந்த வரிசையிலே பறையும் இருக்கிறது, யாழும் இருக்கிறது. ஒரே நூற்பா, ஒரே வரிசை! குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை என்றும், முல்லைக்கு ஏறுகோட்பறை என்றும், நெய்தலுக்கு மீன்கோட்பறை என்றும் நிலந்தோறும் ஒரு பறையை உரைமரபு காட்டுகிறது. யாழை மேடைக்கும் பறையை வாயிலுக்கும் அனுப்பத் தொல்காப்பியருக்குத் தெரியவில்லை பாவம்! நம் விழாக் குழுவிலே அவர் இருந்திருந்தால் அவருக்கும் கடைசி நாற்காலிதான் கிடைத்திருக்கும்.

சரி, பரதத்துக்கே வருவோம். ‘உயர்ந்தது’ என்று மேடையேற்றப்பட்ட அந்த ஆடல் எங்கே இருந்தது, யாரிடம் இருந்தது, எவ்வாறு உயர்ந்தது? இந்தக் கதையை இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தஞ்சை அரண்மனையில் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்று நான்கு உடன்பிறந்தார் இருந்தனர். நட்டுவ மரபினர். அலாரிப்பு, ஜதிசுவரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று இன்று அரங்கேற்றந்தோறும் ஆடப்படுகிறதே ஒரு வரிசை, அதைச் செப்பனிட்டு ஒழுங்குசெய்தவர்கள் அவர்களே. அப்போது அதன் பெயர் சதிர். ஆடியவர்கள் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட்ட குலத்துப் பெண்கள். அவர்கள் ஆடியபோது அது ‘தேவடியாள் ஆட்டம்’. வீட்டிலே அந்தப் பேச்சை எடுத்தாலே நாக்கைக் கடித்துக்கொண்டது நாகரிக உலகம்.

1927 இறுதியில் சென்னையிலே காங்கிரஸ் மாநாடு கூடியபோது இசை மாநாடும் கூடிற்று. அதன் விளைவாக 1928இல் மியூசிக் அகாதமி தோன்றிற்று. 1931இல் அந்த அகாதமியின் ஆதரவில் திருவாளப்புத்தூர் கல்யாணியின் புதல்வியர் ஆடினர். சதிர் என்ற பெயர் மெல்ல மறைந்து பரதநாட்டியம் என்ற பெயர் ஏறிற்று. 1935இல் ருக்மிணி தேவி மேடையேறினார். 1936இல் கலாசேத்திரா எழுந்தது. அவருக்குக் கற்பித்தவர்கள் யார்? பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் மயிலாப்பூர் கௌரி அம்மாளும். ஒருவர் நட்டுவ மரபு. மற்றவர் பொட்டுக்கட்டிய மரபு. கலை அவர்கள் கையிலிருந்து வந்தது; பெயரும் புகழும் பட்டமும் வேறு வீதிகளுக்குப் போயின. ஆட்டம் அதே ஆட்டம். அடவு அதே அடவு. ஆடுகின்ற கால் மாறியதும் ‘உயர்வு’ வந்துவிட்டது!

இங்கே ஒரு சொல், நம் பக்கத்துக்கும் சேர்த்து. பொட்டுக்கட்டும் கொடுமையை ஒழிக்க வேண்டும் என்று சட்டமன்றத்திலே போராடியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அந்தக் குலத்தின் வேதனையை உள்ளிருந்து அறிந்து, ஊர் ஊராகச் சென்று முழங்கியவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். 1936இல் ‘தாசிகள் மோசவலை’ என்ற புதினத்தையே படைக்கலமாக்கியவர். 1947இல் சட்டம் வந்தது. வந்தது சரி, வராமல் இருந்திருந்தால் அது வெட்கக்கேடு. பெண்ணைக் கடவுளின் பெயரால் காமுகனுக்குக் காணிக்கையாக்கும் வழக்கத்துக்காக, கலை அழிகிறதே என்று கண்ணீர் விட்டவர்களின் கண்ணீரை நாம் மதிக்க வேண்டியதில்லை.

ஆயினும் உண்மையின் மறுபாதியையும் மறைக்கலாகாது. கொடுமையிலிருந்து விடுபட்ட அந்தப் பெண்களுக்கு மேடை திறக்கவில்லை. இழிவைக் களைந்தபோது அவர்களையும் சேர்த்துக் களைந்தார்கள். கலையை மட்டும் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டார்கள். வீணை தனம்மாளின் பேத்தி பாலசரசுவதி ஒருவர், மலைபோல் நின்றார். மேனாட்டுப் பல்கலைக்கழகங்கள் அவரை அழைத்துக் கற்றன. 1973இல் அகாதமியே அவருக்குச் சங்கீத கலாநிதி வழங்கிற்று. ஒருவர் நின்றார். நின்றிருக்க வேண்டிய நூற்றுவர் எங்கே? நாம் சட்டம் கேட்டோம், பெற்றோம். அத்தோடு அவர்களுக்கு மேடையும் கேட்டிருக்க வேண்டும். அதிலே நாமும் சற்று அயர்ந்துவிட்டோம் என்றுதான் படுகிறது.

பெங்களூர் நாகரத்தினம்மாள் கதையைக் கேளுங்கள். அந்தக் குலத்தில் பிறந்தவர். முத்துப்பழனி என்ற தஞ்சைப் பெண்பாற் புலவர் தெலுங்கிலே இயற்றிய ‘ராதிகா சாந்துவனம்’ என்ற காவியத்தை 1910இல் பதிப்பித்தார். ஆபாசம் என்று கூச்சல்! ஆண்கள் எழுதிய சிருங்காரமெல்லாம் அலமாரியில் காவியமாக வீற்றிருக்க, பெண் எழுதியது மட்டும் ஆபாசமாயிற்று. வெள்ளை அரசு தடை போட்டது. 1947இல்தான் தடை நீங்கிற்று. அதே நாகரத்தினம்மாள்தான் திருவையாற்றிலே தியாகராசருக்குத் தம் கைப்பொருளைச் செலவிட்டு நினைவிடம் எழுப்பியவர். எழுப்பியவர் அங்கே பாடலாமா? பெண்கள் பாடக்கூடாது என்றனர் ஆண்டுவிழா நடத்திய ஆடவர்! அவர் சளைக்கவில்லை, பெண்களைத் திரட்டித் தனியே விழா நடத்தினார், கடைசியில் கதவு திறந்தது. பணம் அவருடையது, கல் அவருடையது, பக்தியும் அவருடையது. உயர்வு மட்டும் வேறெவருடையதோ! பக்தியில் நமக்குப் பங்கில்லை, நியாயத்தில் உண்டு.

நாகசுரத்தை நினைத்துப் பாருங்கள். மங்கல இசை; அது இல்லாமல் தாலி ஏறாது, தேர் நகராது. ஆனால் ஊதுகிறவன் நிற்க வேண்டும். தெருவிலே நடந்துகொண்டே ஊத வேண்டும். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை தோன்றினார். கிராப்பு வைத்துக்கொண்டார், கோட்டு மாட்டிக்கொண்டார், மேடையிலே அமர்ந்து வாசிப்பேன் என்றார். திமிர் பிடித்தவர் என்றனர். தோடியை அவர் விரித்தபோது அந்தத் திமிரின் காலடியிலே நள்ளிரவு வரை உட்கார்ந்திருந்தனர், அதையும் சொல்லிவிட வேண்டும். 1947ஆம் ஆண்டு விடுதலை நாளின் வரவை வானொலியிலே முழங்கியது அவர் நாகசுரம். நாட்டின் விடுதலையை அறிவிக்கத் தகுதி இருந்த கருவிக்குச் சரிசமமாக உட்காரத் தகுதி வேண்டுமா என்று வாதாட வேண்டியிருந்தது!

தமிழுக்கே அந்தக் கதிதானே நேர்ந்தது! தமிழ்நாட்டு மேடையிலே தமிழ்ப்பாட்டு கடைசியில் வரும் ‘துக்கடா’. 1941இல் அண்ணாமலை நகரிலே அண்ணாமலைச் செட்டியார் முயற்சியால் தமிழிசை மாநாடு கூடியது; தமிழ்ப் பாட்டை முதன்மையாகப் பாடுங்கள் என்று கேட்டது; 1943இல் சென்னையிலே தமிழிசைச் சங்கம் எழுந்தது. உடனே ஒரு கூக்குரல்: தரம் என்னாவது? தரம்! எவனாவது உள்ளே வர முயலும்போதெல்லாம் இந்தத் தரம் என்ற நாய் குரைக்கிறது. உள்ளேயிருப்பவனை அது கடித்ததாக வரலாறே இல்லை. முத்துத்தாண்டவரும் அருணாசலக் கவிராயரும் மாரிமுத்தாப் பிள்ளையும் தியாகராசருக்கு முன்பே சீர்காழிச் சீமையிலே கீர்த்தனை பாடிவிட்டார்கள் என்பதையும், 1917இலேயே தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் ‘கருணாமிர்த சாகரம்’ என்ற பெருநூலில் தமிழிசையின் இலக்கணத்தை ஆராய்ந்து எழுதிவிட்டார் என்பதையும் தரம் பேசியவர்கள் அறியாதவர்களா? அறிவார்கள். பண்டிதர் மருத்துவர், ஆசிரியர், கிறித்தவர். அரங்கத்துக்கு வெளியே இருந்தவர்.

இவை எல்லாவற்றையும்விட நம் நெஞ்சைச் சுடுவது ஒன்றுண்டு. கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளை இயற்றினார். தில்லையைக் காண வேண்டும் என்று ஏங்கி, ஆண்டையிடம் கெஞ்சி, கோயில் வாயிலிலே நின்று உருகும் பறையனின் கதை. அந்தப் பாட்டுகள் அரங்கங்களிலே ஒலித்தன. கேட்டவர்கள் கண்ணீர் வடித்தனர். சரிகை அங்கவஸ்திரத்தால் துடைத்துக்கொண்டனர். நந்தனுக்காக அழுதார்கள், நந்தனின் பேரன் உள்ளே வர முடியாத மண்டபத்திலே உட்கார்ந்துகொண்டு!

உள்ளே வர முடியவில்லை என்றோம். அதுகூட முழு உண்மையன்று. அவன் கைவேலை எப்போதும் உள்ளே இருந்தது. மிருதங்கத்தைப் பாருங்கள். கட்டை பலாமரம். வலந்தலையிலே பசுத்தோல், ஆட்டுத்தோல். இழுத்துக் கட்டும் வார் எருமைத்தோல். நடுவே வட்டமாகத் தெரியும் கருமை, கற்பொடியும் சோறும் கலந்து, படிப்படியாகப் பூசித் தேய்த்து ஏற்றியது. எந்த விலங்கின் தோல், எந்தப் பக்கத்துத் தோல், எவ்வளவு கனம் என்று தடவிப் பார்த்தே சொல்லும் விரல்கள் வேண்டும். சுதி எங்கே இறங்குகிறது என்று தட்டிக் கேட்கும் காது வேண்டும். அந்த விரலும் காதும் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்களுடையவை. வாசிப்பவர் வித்துவான், செய்பவர் ‘தோல்வேலைக்காரர்’. கொன்ற விலங்கின் தோலை மடியிலே வைத்துக்கொண்டு, அதைப் பதப்படுத்தியவரைத் தள்ளி நிற்கச் சொன்னது உயர் பண்பாடு! இந்தக் கைவினைஞர்களின் வரலாற்றை டி. எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற நூலாக எழுதி 2020இல் வெளியிட்டார். கலாசேத்திரா அரங்கிலே வெளியீட்டு விழா நடப்பதாக இருந்தது. கடைசி நேரத்தில் அரங்கு மறுக்கப்பட்டது. விழா வேறிடத்தில் நடந்தது. மிருதங்கம் மேடையேறலாம். மிருதங்கம் செய்தவரைப் பற்றிய புத்தகம் ஏறக்கூடாது. நம் பள்ளி விழாக் குழுவைக் குறை கூறி என்ன பயன்!

இனி மேல்நாட்டுச் சரக்கைக் கொண்டுவந்து நம்மை அடக்கப் பார்ப்பவர்களைக் கவனிப்போம். கல்லூரியிலே நாம் படித்த ஆங்கிலப் பாடத்திலே மாத்யூ ஆர்னால்டு வந்தார். 1869இல் பண்பாட்டைப் பற்றி நூல் எழுதியவர்; உலகிலே எண்ணப்பட்டவற்றுள் தலைசிறந்ததை அறிவதே பண்பாடு என்றவர். அதை மட்டும் மேற்கோள் காட்டி மீசை முறுக்குவார்கள். அதே ஆர்னால்டு, வகுப்பு வேற்றுமைகளை ஒழிக்க முனைவதே பண்பாட்டின் நோக்கம் என்ற கருத்தையும் அதே நூலிலே வைத்திருக்கிறார். அந்தப் பக்கம் மட்டும் எவர் கண்ணிலும் படுவதில்லை! ஏழைப் பிள்ளைகள் படித்த பள்ளிகளை முப்பத்தைந்து ஆண்டு சுற்றிச் சுற்றிப் பார்வையிட்ட ஆய்வாளர் அவர். கூட்டங்கூடி உரிமை கேட்ட தொழிலாளரைக் கண்டு அவர் மிரண்டதும் உண்டு. அதற்காக அவரை நாம் கொண்டாடப் போவதில்லை. எனினும் அவர் நூலைப் பாதி கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு நம்மிடம் பேச வரலாகாது.

அடுத்தவர் டி. எஸ். எலியட். 1948இல் எழுதினார். உயர் பண்பாடு பிழைக்க வேண்டுமானால் வகுப்புகள் இருந்தாக வேண்டும். குடும்பம் குடும்பமாக அது கைமாறி வர வேண்டும். எல்லோருக்கும் கல்வி என்று ஓடினால் தரம் தாழும் என்பது அவர் வாதத்தின் சாரம். இதைக் கேட்டால் நம்மூர் வைதிகருக்கு வாயெல்லாம் பல்லாகிறது. பொறுங்கள்! குலத்தின் வழியேதான் கலை காக்கப்படும் என்றால், பரதத்தைக் காத்த குலம் எது? நட்டுவனார் குலம். நாகசுரத்தைக் காத்த குலம் எது? மேளக்காரர் குலம். பறையைக் காத்த குலம்? சொல்ல வேண்டியதில்லை. அப்படியானால் மேடையும் பட்டமும் அந்தக் குலங்களுக்கல்லவா போயிருக்க வேண்டும்? ஏன் போகவில்லை? “இல்லை, இல்லை, திறமைதான் முக்கியம், குலம் அன்று” என்கிறீர்களா? மிக்க மகிழ்ச்சி. அப்படியானால் கதவைத் திறவுங்கள். ஏரிக்கரைப் பையனும் வரட்டும், அவன் திறமையைக் கேட்டுவிட்டு மதிப்பெண் போடுங்கள். குலம் என்றாலும் உங்களுக்குத் தோல்வி. திறமை என்றாலும் உங்களுக்குத் தோல்வி. எந்தக் கிளையில் தொங்கப் போகிறீர்கள்?

இவ்வளவு சொன்னதும் நம் தோழர்களிலே சிலர் கைதட்டிவிட்டு வேறொன்று சொல்வார்கள். மன்றத்திலே நேரில் கேட்டிருக்கிறோம். “அதனால்தான் சொல்கிறோம், இந்த உயர்கலையே வேண்டாம்! ராகமும் தாளமும் உழைப்பவன் வயிற்றை நிரப்புமா? சினிமாப்பாட்டு போதும். காவியமும் வேண்டாம், கச்சேரியும் வேண்டாம். அது அவர்கள் சொத்து, அவர்களே வைத்துக்கொள்ளட்டும்!”

தோழர்களே, இங்கேதான் நாம் மாறுபடுகிறோம்; வன்மையாகவே மாறுபடுகிறோம்.

திருடப்பட்ட பொருளைத் திருடனின் பொருள் என்று எழுதிக் கொடுப்பதா பகுத்தறிவு? தஞ்சை நால்வர் செய்ததை, தனம்மாள் மீட்டியதை, இராஜரத்தினம் ஊதியதை, பெயர் தெரியாத தோல்வேலைக் கலைஞன் சுதி சேர்த்ததை, ‘அவர்கள் சொத்து’ என்று நாமே பட்டயம் எழுதித் தருவதா? எதிரிகூட இவ்வளவு தாராளமாகக் கேட்கவில்லையே!

சினிமாப்பாட்டு போதும் என்கிறார்கள். சினிமாப்பாட்டை நாமும் கேட்கிறோம், பேருந்திலே முணுமுணுக்கிறோம், குறை சொல்லவில்லை. ஆனால் ‘போதும்’ என்ற சொல்தான் உறுத்துகிறது. ஏழைக்குப் போதும், உழைப்பவனுக்குப் போதும், உன் பிள்ளைக்கு இவ்வளவு படிப்புப் போதும் என்று காலங்காலமாகச் சொல்லி வந்தவர்கள் யார்? அந்தச் சொல்லை நம் வாயாலேயே நம் பிள்ளைகளுக்குச் சொல்வதா?

வகுப்பறையிலே நடந்த ஒன்றைச் சொல்கிறோம். குறுந்தொகையிலே, செம்மண் நிலத்தில் பெய்த மழைநீரைக் காதலுக்கு உவமையாக்கிய பாட்டு உண்டல்லவா? எழுதிய புலவரின் இயற்பெயரே நமக்குக் கிட்டவில்லை. செம்புலப்பெயனீரார் என்று அவர் உவமையையே அவருக்குப் பெயராக்கி வைத்திருக்கிறோம். அதைப் பாடம் நடத்தினோம். உரைநூல் சொன்னபடி, நீர் நிலத்தின் நிறத்தைப் பெறுவதுபோல என்று விளக்கினோம். செங்கல் சூளையிலே வேலை செய்யும் தம்பதியரின் மகன் ஒருவன் எழுந்தான். “நிறம் மட்டும் இல்ல சார். செம்மண்ணுல தண்ணி விழுந்து குழைஞ்சா, அப்புறம் எந்தத் துணியில வடிச்சாலும் பிரிக்க முடியாது. எங்கம்மா குடிக்கிற தண்ணிக்கு முயற்சி பண்ணியிருக்காங்க” என்றான். வகுப்பு அமைதியாயிற்று. நம் கையிலிருந்த உரைநூல் சற்றே எடை குறைந்தது. அந்தப் பாட்டு யாருடைய சொத்து? அதை அவன் நெஞ்சாரப் பெற்றுக்கொண்டான். பெற்றதோடு நமக்கும் கொடுத்தான். உனக்கு இது வேண்டாம், சினிமாப்பாட்டே போதும் என்று அவனிடம் போய்ச் சொல்ல எந்தத் தோழருக்குத் துணிவு வரும்?

உயர்ந்த கலை சோறு போடாது என்பது உண்மைதான். அது வேறொன்று செய்கிறது. ஒரே பொருளை நெடுநேரம் உற்றுநோக்கக் கற்பிக்கிறது. ஒரு ராகத்தை ஒருமணி நேரம் விரிப்பவனிடமும், ஒரு கூத்தை விடிய விடிய ஆடுபவனிடமும், ஐந்தடிப் பாட்டுக்குள் ஒரு வாழ்க்கையை வைத்த புலவனிடமும் அந்தப் பொறுமை இருக்கிறது, கேட்பவனுக்கும் ஒட்டிக்கொள்கிறது. உற்றுநோக்கத் தெரிந்தவனை ஏமாற்றுவது கடினம். ‘உயர்வை’ நெடுங்காலம் பூட்டி வைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்குமோ என்றுகூட எண்ணத் தோன்றுகிறது.

அன்றியும், நம் இயக்கத்து முன்னோர் உயர்வை வெறுத்தார்களா? புறநானூற்றையும் சிலம்பையும் மேடைதோறும் முழக்கியவர்கள் யார்? சிலப்பதிகார அரங்கேற்று காதையிலே ஆடலாசிரியன் எப்படி இருக்க வேண்டும், இசையாசிரியன் எப்படி, மேடை எத்தனை கோல் நீளம், எத்தனை கோல் உயரம் என்று அளந்து சொல்கிறாரே இளங்கோ, அது உயர்கலையின் இலக்கணமன்றி வேறென்ன? ஆடியவள் மாதவி; கணிகையர் குலம். சங்கப் புலவர் பட்டியலைப் புரட்டினால் வெண்ணிக் குயத்தியார் இருக்கிறார், தங்கால் பொற்கொல்லர் இருக்கிறார், கூலவாணிகர் இருக்கிறார். குயவர் வீதியிலும் கொல்லர் வீதியிலும் பெருங்கவிதை பிறந்த நாடு இது. அது சுவடியிலே செல்லரிக்கக் கிடந்தது. தாமோதரம் பிள்ளை 1887இல் கலித்தொகையையும், உ. வே. சாமிநாத ஐயர் 1892இல் சிலம்பையும் 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றினர். நன்றி சொல்ல வேண்டிய இடத்திலே சாதி பார்த்து நன்றி குறைப்பவர்கள் அல்லர் நாம். தமிழைச் செம்மொழி என்று ஏற்க வேண்டும் என்று நூறாண்டு குரல் கொடுத்து 2004இல் பெற்றோமே, ‘செவ்வியல்’ என்ற சொல்லையே வேண்டாதவர்களா அதற்காகப் போராடினார்கள்? உயர்வு வேண்டும் என்றுதான் போராடினோம். எல்லோருக்குமாக வேண்டும் என்று போராடினோம்.

ஒன்றும் மாறவில்லை என்று சொல்வது பொய்யாகும். 2007இல் சென்னை சங்கமம் பூங்காவுக்கும் தெருவுக்கும் கலையைக் கொண்டு வந்தது. அரசுப் பள்ளிகளிலே 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. 2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சாவு வீட்டுக் கருவி என்று ஒதுக்கியவர்களே வாழ்த்துச் செய்தி அனுப்பினார்கள், பரவாயில்லை, அனுப்பட்டும். இழவுக்கு மட்டும் அடிக்க மாட்டோம் என்று பறையைக் கையிலெடுத்து மேடைக்கு வந்த இளைஞர் குழுக்கள் ஊர்தோறும் தோன்றிவிட்டன. ஆனால் மார்கழி வந்தால் அரங்குகளிலே நடப்பது ‘சீசன்’. பொங்கல் வந்தால் பூங்காவிலே நடப்பது ‘கிராமியக் கலைவிழா’. இரண்டுக்கும் இடையே உள்ள சுவருக்குக் கொஞ்சம் வெள்ளையடித்திருக்கிறோம், சுவர் நிற்கிறது.

அந்தச் சுவரை எங்கே இடிப்பது? டெல்லியிலா, மயிலாப்பூரிலா? அங்கெல்லாம் இடிக்க நமக்குக் கை எட்டாது என்று சும்மா இருந்துவிடுவதே வழக்கமாகிவிட்டது. கை எட்டும் இடத்திலே ஒரு சுவர் இருக்கிறது: பள்ளி ஆண்டு விழா. பத்து வயதிலே ஒரு பிள்ளை எது மேடை, எது வாயில் என்று கற்றுக்கொள்ளும் இடம் அதுதான். பாடநூலிலே நாம் சமத்துவம் கற்பிக்கிறோம். நிகழ்ச்சி நிரலிலே சாதி கற்பிக்கிறோம். பிள்ளைகள் எதை மறக்கிறார்கள், எதை மறப்பதில்லை என்பது ஆசிரியர்களுக்குத் தெரியாதா? இதைப் படிக்கும் தோழர்களிலே ஆசிரியர் பலர், பெற்றோர் பலர், விழாவுக்கு நன்கொடை தருவோரும் பலர். உங்கள் ஊர்ப் பள்ளியின் சென்ற ஆண்டு நிரலை எடுத்துப் பாருங்கள். வாயிலிலே யார் நின்றார்கள் என்று கேளுங்கள்.

இவ்வாண்டு விழாக் குழு மீண்டும் கூடுகிறது. அந்தப் பையன் இப்போது பத்தாம் வகுப்பு. தேர்வு ஆண்டு என்பதால் வீட்டிலே பறையைப் பரணில் ஏற்றிவிட்டார்களாம். கெஞ்சி இறக்கி வைத்திருக்கிறான். நிரலின் வரைவை எழுதும் வேலை நம்மிடம் வந்தது. ‘மேடை நிகழ்ச்சி: பறையாட்டம், நால்வர், எட்டு நிமிடம்’ என்று ஆறாவது வரியாக எழுதிக் கொடுத்தோம். ஐந்தாவது வரி பரதம். அதுவும் எட்டு நிமிடம். வரைவு நேற்றுத் திரும்பி வந்தது. ஆறாவது வரிக்கு எதிரே சிவப்பு மையிலே ஒரு கேள்விக்குறி இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை நான்கரை மணிக்குக் கூட்டம். இம்முறை நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவதாக இருக்கிறோம்.